ஐக்கியம்: ஒரே வாய்க்கால், தனித்தனி வரப்பு

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் 'ஐக்கியம்' என்ற சொல் காதில் விழாத வாரம் கிடையாது. ஞாயிறு ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் டீ குடிக்கும்போது, "இந்தச் சபையில் நல்ல ஐக்கியம்" என்பார்கள். கமிட்டிக் கூட்டத்தில் யாராவது எழுந்து கணக்கு கேட்டால், "ஐக்கியத்தைக் கெடுக்காதீர்கள் ஐயா" என்று உட்கார வைப்பார்கள். பிள்ளை வேறு சமயத்து நண்பனோடு திருவிழாவுக்குப் போய்வந்தால், "அவர்களோடு நமக்கென்ன ஐக்கியம்?" என்று அதட்டுவார்கள். முதல் இடத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் இனிய பழக்கம், இரண்டாவதில் வாய்ப்பூட்டு, மூன்றாவதில் முள்வேலி.

நான் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு சிறிய லுத்தரன் சபையில் வளர்ந்தவன். இறையியல் கல்லூரியில் படித்ததில்லை. நெடுங்காலம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான். இந்த ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதால் மனம் உடைந்து சபையை விட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். புதிதாகச் சபைக்கு வந்தவர்களுக்கும், கிறிஸ்தவர்கள் பேசும் இந்த 'ஐக்கியம்' என்னவென்று அறிய விரும்பும் மற்றவர்களுக்கும் புரியும்படி எழுத முயல்கிறேன்.

வாய்க்காலில் தொடங்குவோம்

மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளை ஆறுகளாகி, வாய்க்கால்களாகி, கடைசியில் ஒரு மடை வழியாக ஒருவர் வயலுக்குள் நுழைகிறது. ஒரே வாய்க்காலில் பாயும் வயல்காரர்கள் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல. ஒருவர் ஒரு கட்சி, இன்னொருவர் வேறு கட்சி. சிலர் வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமலும் இருப்பார்கள். ஆனாலும் வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டினால் அது எல்லோருக்கும் வந்த கேடு. தூர்வாரும் நாளில் எல்லோரும் மண்வெட்டியோடு வந்தாக வேண்டும். தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். தலைமடைக்காரர் தன் வயல் நிரம்பிய பிறகும் மடையை அடைக்காமல் விட்டால், கடைமடையில் நாற்று கருகும்.

அதேசமயம் ஒவ்வொருவர் வயலுக்கும் வரப்பு உண்டு. நான் கறுப்புக்கவுனி விதைப்பதா பொன்னி விதைப்பதா என்பதை வாய்க்கால் தீர்மானிப்பதில்லை. தண்ணீர் பொது என்பதால் என் வயல் பொதுவாகிவிடாது.

இந்தப் படத்தில் மூன்று செய்திகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பொதுவான ஒன்று முதலில் வருகிறது, உறவு அதற்குப் பிறகு வருகிறது. உறவு அதற்குப் பிறகு வருகிறது. பங்கு பெறுகிறவருக்குக் கடமையும் உண்டு. வரப்பு அழிவதில்லை. கிறிஸ்தவ ஐக்கியத்தைப் பற்றி இனி நான் சொல்லப்போவது எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கும்.

படகில் பங்கு: சொல்லின் வேர்

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் நாம் 'ஐக்கியம்' என்று படிக்கும் இடங்களில் பெரும்பாலும் இருக்கும் சொல் 'கொயினோனியா'. 'கொயினோஸ்' என்றால் பொது. ஒன்றைப் பொதுவாகக் கொண்டு அதில் பங்காளிகளாக இருப்பதே கொயினோனியா. அது கோயிலில் பிறந்த சொல்லும் அல்ல. அக்காலக் கிரேக்கர்கள் வியாபாரக் கூட்டுக்கும் திருமண வாழ்வுக்கும் இதே சொல்லைப் பயன்படுத்தினார்கள்.

லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வலை கிழிகிற அளவுக்கு மீன் சிக்கிய நிகழ்ச்சி வருகிறது. அங்கே யாக்கோபும் யோவானும் சீமோனுக்குக் 'கூட்டாளிகள்' என்று சொல்லப்படுகிறார்கள். கிரேக்கத்தில் அது இதே வேரிலிருந்து வந்த சொல். நாகப்பட்டினம், தரங்கம்பாடி கரைகளில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. படகு கரைக்கு வந்ததும் மீனை விற்று, செலவு கழித்து, படகுக்கு இத்தனை பங்கு, வலைக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று பிரிப்பார்கள். கடலில் சேர்ந்து இழுத்தவருக்குக் கரையில் பங்கு. நல்ல பாடும், அதாவது மீன் நிறையக் கிடைத்த நாளும், பொதுதான், வெறும் வலையோடு திரும்பும் நாளும் பொதுதான்.

நம் தமிழ் மொழிபெயர்ப்புகள் இந்த ஒரே சொல்லுக்குப் பல உடை உடுத்தியிருக்கின்றன. முதல் சபையின் வாழ்வைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரம் 42ஆம் வசனத்தில், பழைய புராட்டஸ்டண்டு மொழிபெயர்ப்பு 'அந்நியோந்நியம்' என்கிறது. கத்தோலிக்கர்களும் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பு அதே இடத்தில் 'நட்புறவு' என்கிறது. ஆராதனை முடிவில் போதகர் கையுயர்த்திச் சொல்லும் ஆசீர்வாதத்தில் அது 'பரிசுத்த ஆவியினுடைய ஐக்கியம்'.

மூன்றும் அழகான சொற்கள்தான். ஆனால் 'அந்நியோந்நியம்', 'நட்புறவு' என்றதும் நம் மனம் பாசத்தின் பக்கம் போய்விடுகிறது. 'ஐக்கியம்' ஒருமை என்ற பொருளுள்ள வடசொல். அதைக் கேட்டதும் எல்லோரும் ஒரே கருத்தாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கிரேக்கச் சொல்லின் முதுகெலும்பு பங்கு. கத்தோலிக்கர்கள் ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள மக்கள் கூட்டத்தையே 'பங்கு' என்றும், அவரைப் 'பங்குத்தந்தை' என்றும் அழைக்கிறார்கள். கொயினோனியாவுக்கு மிக நெருங்கிய தமிழ் அந்தச் சொல்லுக்குள் தற்செயலாக வந்து உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: ஐக்கியம் என்பது ஒருவருக்கொருவர் பிடித்துப்போவது அன்று, ஒரே கருத்தாக இருப்பதும் அன்று. ஒன்றில் கூட்டாகப் பங்குபெறுவது.

எதில் பங்கு?

வயல்காரர்களுக்குத் தண்ணீர் பொது, மீனவர்களுக்குப் பாடு பொது. கிறிஸ்தவர்களுக்கு எது பொது? யோவான் எழுதிய முதல் கடிதம் தொடக்கத்திலேயே பதில் சொல்கிறது: நீங்களும் எங்களோடு ஐக்கியமாகும்படி இதை அறிவிக்கிறோம், எங்கள் ஐக்கியம் பிதாவோடும் அவருடைய குமாரன் இயேசு கிறிஸ்துவோடும் உள்ளது. எது வேர் என்று கவனியுங்கள். முதலில் கடவுளோடு உள்ள பங்கு, அதன் வழியாக ஒருவரோடொருவர். தண்ணீர் மேலிருந்து வருகிறது. என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவரை நான் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. நாங்கள் இருவரும் ஒரே இடத்திலிருந்து பெற்றுக்கொண்டவர்கள்.

இந்தப் பங்கு கண்ணால் பார்க்கும்படி, கையால் தொடும்படி நடப்பது திருவிருந்தில். திருவிருந்து என்றால் இயேசு பாடுபடுவதற்கு முந்தின இரவில் சீடர்களோடு அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்ததை நினைவுகூர்ந்து சபை செய்வது. நற்கருணை, இராப்போஜனம் என்றும் சொல்வார்கள். ஒரே அப்பத்தில் பங்குபெறுவதால் அநேகரான நாம் ஒரே சரீரமாய் இருக்கிறோம் என்று தொடக்ககாலத் திருத்தூதரான பவுல், கொரிந்து நகரத்துச் சபையாருக்கு எழுதினார்.

அடுத்தது பணம். இங்கேதான் பலர் திகைப்பார்கள். ரோமர் கடிதம் பதினைந்தாம் அதிகாரத்தில், மக்கெதோனியா, அகாயா பகுதிச் சபைகள் எருசலேமில் உள்ள ஏழை விசுவாசிகளுக்காக நிதி திரட்டியதைப் பவுல் சொல்கிறார். நம் பழைய மொழிபெயர்ப்பு அதைப் 'பொருள் சகாயம்' என்கிறது. மூலத்தில் இருக்கும் சொல் கொயினோனியாவேதான்! ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத மக்கள், வேறு மொழி பேசுகிற, வேறு உணவு உண்கிற மக்கள், ஒரு பணப்பையால் ஐக்கியமானார்கள். டீயும் சிரிப்பும் அங்கே இல்லை.

என் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் அரிசியைக் களைவதற்கு முன்பாகவே ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். பிடியரிசிக் காணிக்கை. மாதக் கடைசியில் அது ஆலயத்துக்குப் போகும், அங்கிருந்து சில வீடுகளுக்குப் போகும். எந்த வீடுகளுக்கு என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. சிறு வயதில் அதை ஒரு சடங்கு என்று நினைத்திருந்தேன். ரோமர் கடிதத்தின் அந்த இடத்தைப் புரிந்துகொண்ட நாளில்தான், ஐக்கியம் எங்கள் அடுப்பங்கரையில் ஒரு மண்பானைக்குள் இருந்தது என்று தெரிந்தது.

ஆக, கடவுளில் பங்கு, பந்தியில் பங்கு, பொருளில் பங்கு. மூன்றாவதைக் கழற்றிவிட்டு முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

கடைமடை வறண்ட கதைகள்

ஐக்கியம் உடைந்த இடங்களைப் பார்த்தால் அது என்னவென்று இன்னும் தெளிவாகத் தெரியும். வேதாகமம் தன் சொந்த மக்களின் தோல்விகளை மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை.

கொரிந்துவில் திருவிருந்து ஒரு முழுச் சாப்பாட்டோடு சேர்ந்து நடந்தது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தாங்கள் கொண்டுவந்ததைச் சாப்பிட்டு முடித்தார்கள். இல்லாதவர்கள் பட்டினியாக நின்றார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் என்று பவுல் கடிந்து எழுதினார். நீங்கள் உண்பது கர்த்தருடைய பந்தியே இல்லை என்றும் சொன்னார். அவர் சொன்ன தீர்வு எவ்வளவு எளிமையானது என்று பாருங்கள்: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். முறைப்பாசனத்தின் சட்டம் இதுவேதான்.

அந்தியோகியாவில் நடந்தது இன்னும் கூர்மையானது. எருசலேமில், இயேசுவின் சீடரான பேதுருவும் மற்ற தலைவர்களும் பவுலுக்கும் அவருடைய உடன் ஊழியர் பர்னபாவுக்கும் ஐக்கியத்துக்கு அடையாளமாக வலதுகை கொடுத்தார்கள். கலாத்தியர் கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதைப் படிக்கலாம். சில வசனங்கள் தள்ளி, அதே பேதுரு அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு முதலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். யூதரல்லாதவரோடு உண்ணக் கூடாது என்று எண்ணும் சிலர் எருசலேமிலிருந்து வந்ததும் பயந்து, பந்தியை விட்டு விலகிக்கொள்கிறார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரைத் தட்டிக்கேட்டார். கை கொடுப்பது எளிதாக இருந்தது. சேர்ந்து இலையில் உட்காருவது கடினமாக இருந்தது.

தமிழர்களாகிய நமக்கு இந்த அதிகாரம் தலை குனிய வைக்கும் அதிகாரம். 1706 ஜூலை 9ஆம் தேதி லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி வெளிவந்தது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. ஒரே அப்பம், ஒரே சரீரம் என்பது தமிழிலேயே வாசிக்கக் கிடைத்தது. ஆனாலும் 18ஆம் நூற்றாண்டு முழுவதும் அந்த மிஷனின் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் இருந்தது. வேளாளரான ஆரோன் 1733இல் குருப்பட்டம் பெற்றார். அந்த மிஷனில் குருவான முதல் தமிழர் அவர். தஞ்சாவூர் அரசரின் படையில் சிப்பாயாக இருந்து, உபதேசியாராகி (குருவுக்கு உதவியாகப் போதிக்கும் ஊழியர்), பல ஆண்டுகள் உழைத்த ராஜநாயக்கனுக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. அவர் பறையர் சமூகத்தில் பிறந்தவர். அவர் கையிலிருந்து மற்றச் சாதியார் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்பதே தடையாக நின்றது. அவர் ஊழியத்தால் சபைகள் வளர்ந்தன. அவர் கையால் அப்பம் பிட்கப்படவில்லை.

1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முடிவாகவும் விடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். இன்றும் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும், சாதி என்பது சமூக வழக்கம்தான், அதில் மிஷனரிகள் தலையிடக் கூடாது என்று வாதாடியவர்களில் ஒருவர். அவருடைய பாடல்களை நேசிக்கிறவன் நான்; அதனாலேயே இதை எழுதும்போது வலிக்கிறது. வில்சன் அயல்நாட்டு அதிகாரத்தின் குரலில் பேசினார் என்ற குறையில் நியாயம் இருக்கலாம். ஆனால் விஷயத்தில் அவர் பக்கமே சரி. இடுகாட்டின் நடுவே சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்தச் சுவருக்கு 'சமூக வழக்கம்' என்ற பெயர் போதாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரிவினை நமக்குள் மட்டும் இல்லை. மிஷனரிக்கும் இந்திய ஊழியருக்கும் நடுவிலும் இருந்தது. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வே. ச. அசரியா எழுந்து அதைச் சொன்னார். ஏழைகளுக்காக உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். கொடுப்பவர் எப்போதும் கொடுப்பவராகவும் வாங்குபவர் எப்போதும் வாங்குபவராகவும் இருந்தால் அது தருமம். கூட்டாளியாக ஒரே பந்தியில் உட்கார வைத்தால்தான் ஐக்கியம்.

அந்த அசரியாவே 1919 மே முதல் இரண்டு நாட்களில் தரங்கம்பாடியில் கூடிய 33 பேரில் முன்னணியில் இருந்தார். நாங்கள் உண்டாக்காத பிரிவுகள் வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டிருக்கின்றன என்று அவர்கள் அறிக்கை விட்டார்கள். அந்த விதையிலிருந்து 1947 செப்டம்பர் 27ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. சீகன்பால்கின் வாரிசுகளாகிய எங்கள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அதில் சேரவில்லை. ஒற்றுமைக்கான அழைப்பு எழுந்த ஊரின் பெயரைத் தன் பேராயரின் பட்டத்தில் சுமக்கும் சபை, இன்றும் தனியாகவே நிற்கிறது. இதை எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒவ்வொரு முறையும், "ஏன் ஐயா?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும்.

வரப்பு எங்கே?

இப்போது எல்லைகளுக்கு வருவோம். எல்லை என்றதும் அன்பில் குறை என்று நினைக்க வேண்டாம். வரப்பில்லாத வயலில் தண்ணீர் நிற்காது.

சொத்தில் ஓர் எல்லை. முதல் சபையில் எல்லாவற்றையும் பொதுவாக வைத்து அனுபவித்தார்கள் என்று படித்துவிட்டு, சொந்தமாக எதுவும் வைத்திருப்பதே பாவம் என்று சிலர் போதிக்கிறார்கள். நிலத்தை விற்று, பணத்தில் ஒரு பகுதியை மட்டும் சபைக்குக் கொண்டுவந்த அனனியாவின் கதையில் பேதுரு கேட்டதை அவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள்: விற்கும் முன்பு நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது? விற்ற பிறகும் பணம் உன் வசத்தில்தானே இருந்தது? அவன் குற்றம் பணத்தை வைத்துக்கொண்டது அன்று. முழுவதையும் கொடுத்ததாகப் பொய் சொன்னது. கொடுப்பது மனமுவந்து நடக்க வேண்டும். என் தகப்பனார் ஒரு சபையாரின் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். தயங்கியபோது அவரிடம் சொல்லப்பட்டது, "நமக்குள் ஐக்கியம் இருக்கிறதே, அண்ணன்" என்ற ஒரே வாக்கியம். கடன் வாங்கியவர் ஊரை விட்டுப் போனார். ஓய்வூதியத்திலிருந்து நான்கு ஆண்டுகள் அப்பா கட்டினார். பிணைப்படுவதைப் பற்றி நீதிமொழிகள் திரும்பத் திரும்ப எச்சரிப்பது அதற்குப் பிறகுதான் எங்கள் கண்ணில் பட்டது. "முடியாது, ஆனால் இந்த மாதம் உங்கள் வீட்டுக்கு அரிசி வாங்கித் தருகிறேன்" என்று சொல்ல ஐக்கியத்தில் இடம் உண்டு.

இரகசியத்தில் ஓர் எல்லை. வீட்டு ஜெபக்கூட்டங்களில் ஜெபக்குறிப்பு கேட்பார்கள். அதாவது, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஓர் அக்கா, தன் மகன் குடிப்பழக்கத்தில் விழுந்ததை அழுதுகொண்டே சொன்னார். மூன்றாம் நாள் மளிகைக் கடையில் அது பேச்சாக இருந்தது. அதற்குப் பிறகும் அந்த அக்கா கூட்டத்துக்கு வந்தார். "எனக்காகப் பொதுவாக ஜெபியுங்கள்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. உங்கள் துயரத்தை யாரிடம், எவ்வளவு சொல்வது என்பது உங்கள் மடை. திறப்பதும் அடைப்பதும் உங்கள் கையில்.

மனச்சாட்சியில் ஓர் எல்லை. ரோமர் பதினான்காம் அதிகாரத்தில் ஒருவர் எல்லாம் சாப்பிடுகிறார், இன்னொருவர் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறார். ஒருவர் ஒரு நாளைச் சிறப்பாக எண்ணுகிறார், மற்றவர் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறார். பவுல் இருவரையும் ஒரே கருத்துக்கு இழுக்கவில்லை. அவரவர் தம் மனத்தில் முழு நிச்சயத்தோடு இருக்கட்டும், ஒருவரையொருவர் இகழாதிருங்கள் என்கிறார். யாருக்கு ஓட்டுப் போடுவது, நகை போடலாமா கூடாதா, மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்பவற்றைச் சபைக் கருத்துக்குக் கட்டுப்படுத்தும்போது நாம் வாய்க்காலை வயலுக்குள் வெட்டுகிறோம்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் எல்லை, தவற்றை மூடுவதைப் பற்றியது. ஐக்கியத்தின் பெயரால் குற்றம் மூடப்படும் இடத்தில் ஐக்கியம் ஏற்கெனவே செத்துவிட்டது. மத்தேயு பதினெட்டாம் அதிகாரம் ஓர் ஒழுங்குமுறை சொல்கிறது: உனக்கு எதிராகத் தவறு செய்தவரிடம் தனியாகப் போய்ச் சொல், கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அப்போதும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். இது மனத்தாங்கல், வாக்குவாதம், கொடுக்கல் வாங்கல் போன்றவற்றுக்கு ஏற்ற வழி. அடிபட்ட மனைவியையோ, தொல்லைக்கு ஆளான சிறுமியையோ, "முதலில் அவரைத் தனியாகப் பார்த்துப் பேசு" என்று அனுப்புவதற்கான வசனம் இல்லை. குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். கமிட்டி கூடித் தீர்மானிக்க அதில் எதுவும் இல்லை. கணக்கு கேட்பவரும் ஐக்கியத்தைக் கெடுப்பவர் அல்ல. தூர்வாரச் சொல்கிறவர்.

சுருக்கமாக: தண்ணீர் பொது என்பதால் வயலும், வீடும், மனச்சாட்சியும் பொதுவாகிவிடுவதில்லை. உடைந்த மடையை மறைத்து வைப்பதும் ஐக்கியம் ஆகாது.

சபைக்கும் சபைக்கும் நடுவில்

ஒரே தெருவில் கத்தோலிக்கர், லுத்தரன், பெந்தெகோஸ்தே என்று மூன்று வீடுகள் இருக்கும். அவர்களுக்குள் ஐக்கியம் உண்டா? உண்டு, அளவு வேறு. கத்தோலிக்கத் திருச்சபை பொதுவாகத் தன் நற்கருணையைப் பிற சபையாருக்கு வழங்குவதில்லை. ஆனால் உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல், முறையாக ஞானஸ்நானம் பெற்ற மற்றக் கிறிஸ்தவர்களும் தங்களோடு முழுமை பெறாத ஓர் ஒன்றிப்பில் இருக்கிறார்கள் என்று ஏற்றது. பெந்தெகோஸ்தே சபைகளில் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காமல் மீண்டும் முழுக்குக் கொடுப்பார்கள். இந்த வேறுபாடுகளைப் புன்னகையால் அழித்துவிட முடியாது. ஆனால் சேர்ந்து ஜெபிக்கலாம், சேர்ந்து சவப்பெட்டி தூக்கலாம். எங்கள் தெருவில் இரண்டும் நடக்கின்றன. கத்தோலிக்கர்கள் பங்கைச் சிறு குழுக்களாகப் பிரித்து, அண்டை வீடுகள் கூடி வாசிக்கவும் உதவவும் வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு 'அன்பியம்' என்று பெயர். எங்கள் சபைக்கு அந்தப் பெயர் கிடைக்காமல் போனதே என்று பொறாமையாக இருக்கும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: கூட்டம் ஐக்கியம் ஆகிவிடாது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் கூடும் மக்கள் கடலில் பக்தி உண்டு, கண்ணீர் உண்டு. ஆனால் பக்கத்தில் நிற்பவர் அடுத்த வாரம் மருத்துவமனையில் இருந்தால் உங்களுக்குத் தெரியாது. ஐக்கியத்துக்கு, வராதவரைத் தேடும் அளவுக்குச் சிறிய எண்ணிக்கை வேண்டும்.

வேலிக்கு அப்பால்

கடைசியாக, "அவர்களோடு நமக்கென்ன ஐக்கியம்?" என்ற கேள்வி. அந்நிய நுகத்திலே பிணைக்கப்படாதிருங்கள் என்ற வசனத்தைக் காட்டித்தான் இதைக் கேட்பார்கள். நுகத்தடியைப் பார்த்த தலைமுறை நம்முடையது. உயரமும் நடையும் ஒவ்வாத இரு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டினால் ஏர் கோணிப்போகும். பவுல் பேசியது வழிபாட்டிலும் வாழ்வின் திசையிலும் பூட்டிக்கொள்வதைப் பற்றி. ஒரே களத்தில் நிற்பதையோ, ஒரே குளத்தில் தண்ணீர் குடிப்பதையோ அவர் தடுக்கவில்லை.

அதே பவுல் கொரிந்தியருக்கு இரண்டு காரியங்களைத் தெளிவாக எழுதியிருக்கிறார். தீய நடத்தையுள்ளவரோடு கலவாதிருங்கள் என்று நான் சொன்னது உலகத்தாரைப் பற்றி அன்று, அப்படியானால் நீங்கள் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்கும். சகோதரன் என்று பெயர் வைத்துக்கொண்டு பாவத்தில் துணிந்து நடக்கிறவனைப் பற்றியே சொன்னேன். இது முதலாவது. நம்பிக்கை இல்லாதவர் ஒருவர் விருந்துக்கு அழைத்து, போக மனதிருந்தால் போய், பரிமாறியதைச் சாப்பிடுங்கள். இது இரண்டாவது. நாம் நேர்மாறாகச் செய்கிறோம். சபைக்குள் இருக்கும் அநியாயக்காரருக்கு முன்வரிசை நாற்காலி. பக்கத்து வீட்டுப் பொங்கலுக்கு முகச்சுளிப்பு.

அன்பு ஐக்கியத்தைவிட அகலமானது. ஐக்கியம் கிறிஸ்துவில் பங்குபெறுகிறவர்களுக்குள் நடப்பது. பிறனை நேசி என்ற கட்டளைக்கு அந்த வரம்பு இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் நாகப்பட்டினக் கரையில் அலை ஏறியபோதும், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோதும், யார் எந்தச் சமயம் என்று பார்த்து யாரும் கஞ்சி ஊற்றவில்லை. எங்கள் ஆலயத் தாழ்வாரத்தில் அடுப்பு மூட்டியபோது விறகு கொண்டுவந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் சபையார் அல்ல.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, ஒரு பொங்கல் நாளில் பித்தளைத் தூக்கில் சர்க்கரைப் பொங்கலோடு வாசலில் வந்து நின்று, "சாமிக்குப் படைத்ததில்லை அம்மா, உங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்தேன், சாப்பிடுவீர்கள்தானே?" என்று தயங்கிக் கேட்டார். அம்மா அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் முன்பாகவே எங்களுக்குப் பரிமாறினார். தூக்கை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாதென்று, பிடியரிசிப் பானையைத் தொடாமல், வீட்டுக் குதிரிலிருந்து அரிசி அள்ளி நிரப்பிக் கொடுத்தார்.